கறுப்புத் திரையில் அக்காவின் குரல்

சின்னவனுக்கு உட்கார்ந்த இடத்தில் உட்காரத் தெரியாது. ஓடுகிற மின்விசிறியைக் கழற்றிப் பார்ப்பான். ஓடாத கடிகாரத்தை இனி எக்காலத்திலும் ஓடாதபடி செய்வான். அப்படிப்பட்டவன் கையில், கடையில் இருந்ததிலேயே உயர்ந்த ரக லேப்டாப் ஒன்று வந்து சேர்ந்தால் சும்மா இருப்பானா?

பெட்டியைப் பிரித்த கையோடு, கம்பெனிக்காரர்கள் போட்டு அனுப்பியிருந்த விண்டோஸைத் துடைத்தெறிந்துவிட்டு லினக்ஸை ஏற்றினான்.

“குடிவந்த அன்னிக்கே வீட்டை இடிச்சுக் கட்டுறான் பாரு” என்றார் மாமா. மாமா என்றால் அக்காவின் கணவர். மருந்துக்கடைக்காரர். அவருடைய பழைய லேப்டாப்பின் கீல் உடைந்து வருஷக்கணக்காகிறது. காயத்துக்குப் போடுகிற பிளாஸ்திரியையே சுற்றி ஒட்டி வைத்திருந்தார். உள்ளே ஓடுவது அரதப்பழைய விண்டோஸ். சின்னவன் அதைப் பார்க்கும்போதெல்லாம் மூக்கைச் சுளிப்பான்.

ஆனால் பிளாஸ்திரி வேலை செய்தது. புதுசு?

புதுசு ரொம்பப் புதுசு. அதன் உள் உறுப்புகளை லினக்ஸ் இன்னும் சரியாகப் பார்த்துப் பழகவில்லை. வைஃபை வரவில்லை, போனைக் கேபிளில் செருகித்தான் இன்டர்நெட். நான்கு ஸ்பீக்கரில் இரண்டுதான் வாய் திறந்தன. மேல் வரிசையில் இருந்த நிறுத்து, ஓட்டு, சத்தம் கூட்டு பட்டன்களெல்லாம் வெறும் அலங்காரம். எல்லாவற்றையும்விடப் பெரிய வியாதி ஒன்று: கொஞ்ச நேரம் தொடாமல் விட்டால் திரை அணையும். அணைந்தால் அணைந்ததுதான். பவர் பட்டனை அமுக்கிப் பிடித்துச் சாகடித்து, மறுபடி உயிர் கொடுக்க வேண்டும்.

அதனால் திரை அணையவே கூடாது என்று அமைத்து வைத்திருந்தான். நல்ல ஏற்பாடு. அதை இன்று காலைதான் அவனே கெடுத்தான். இரவு வந்த புது அப்டேட்டில் அந்த வியாதி குணமாகிவிட்டது என்று இணையத்தில் எவனோ ஒரு புண்ணியவான் எழுதியிருந்தான். குணமாகிவிட்டதா என்று பார்க்க வேண்டாமா? அணைகிற வசதியைத் திரும்பப் போட்டு வைத்தான்.

சொந்தச் செலவில் சூனியம் என்பது இதுதான். இது முதல் சூனியம். இன்னும் இரண்டு இருக்கிறது.

*

அக்காவுக்குத் தொழிலே குரல்தான். நாவல்களை வாசித்துப் பதிவு செய்து ஒலிப்புத்தகமாக்குகிற ஸ்டூடியோவுக்காக, வீட்டிலேயே படுக்கையறை அலமாரியைத் திறந்து வைத்து, தொங்குகிற துணிகளுக்கு நடுவே தலையை நீட்டிக்கொண்டு வாசிப்பாள். துணிதான் எதிரொலியை விழுங்கும் என்பாள். கையடக்க ரிக்கார்டர், அதில் நகத்தளவு மெமரி கார்டு. பதிந்ததைத் தம்பியிடம் கொடுத்தால் இரைச்சல் நீக்கி, சீராக்கி, ஸ்டூடியோவுக்கு அனுப்புவான்.

ஒரு பெரிய மர்ம நாவலில் கடைசி அத்தியாயம் தவிர எல்லாம் போய்ச் சேர்ந்துவிட்டது. அந்த நேரம் பார்த்துத் தொண்டையில் கட்டி. அறுவை சிகிச்சைக்கு முந்தின நாள், குரல் கரகரக்கக் கரகரக்க, கடைசி அத்தியாயத்தை வாசித்து முடித்தாள்.

கட்டியை எடுத்தாயிற்று. “ஒரு முனகல்கூடக் கூடாது” என்று டாக்டர் சொல்லிவிட்டார். குரல் வரும்; ஆனால் பழைய குரலேதான் வரும் என்று அவரால் எழுதிக் கொடுக்க முடியாதாம். கழுத்தில் கட்டோடு, கையில் ஒரு சின்ன வெள்ளைப் பலகையும் மார்க்கர் பேனாவுமாக அக்கா வீட்டில் வளைய வந்துகொண்டிருந்தாள். பேச்சு நின்றதே தவிர ஏச்சு நிற்கவில்லை. எழுத்தில் வந்தது.

ஸ்டூடியோ மேடம் கறாரான ஆள். “கடைசி அத்தியாயம் இன்னிக்கு சாயங்காலம் வந்தாகணும். ஒரு கதைக்கு ரெண்டு குரல் இருக்க முடியாதும்மா. வரலைன்னா முதல் அத்தியாயத்துலேருந்து வேற ஆளை வெச்சு எடுத்துருவோம்” என்று செய்தி அனுப்பியிருந்தார். அதாவது, அக்கா மாதக்கணக்காக அலமாரிக்குள் நின்று வாசித்ததெல்லாம் குப்பைக்கு.

சின்னவன் கவலைப்படவில்லை. கோப்பு அவன் லேப்டாப்பில் பத்திரமாக இருந்தது. இருந்ததால்தான் அக்காவின் மெமரி கார்டை எடுத்து, அதை அழித்து, இன்னொரு வகை லினக்ஸை அதில் எழுதிப் பார்த்தான். வீட்டில் எந்தக் கார்டு, எந்தப் பென் டிரைவ் கண்ணில் பட்டாலும் அதில் ஒரு லினக்ஸை எழுதிவிடுவது அவனைப் போன்ற லினக்ஸ் பித்தர்களுக்கு உள்ள கை அரிப்பு.

அது இரண்டாவது.

மூன்றாவது, மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு நடந்தது.

ஊமையான இரண்டு ஸ்பீக்கர்களை எப்படியாவது பேச வைக்க வேண்டும் என்று, சோதனைக்காக அக்காவின் கடைசி அத்தியாயத்தை ஓடவிட்டு, அமைப்புகளைத் திருகிக்கொண்டிருந்தான். அக்காவின் குரல் அறையெல்லாம் நிறைந்து போய்க்கொண்டிருந்தது. புதிதாக வாங்கிய டிஸ்க் ஒன்றும் மேஜையில் கிடந்தது. ‘பேக்கப் எடுத்துடலாம், நாலு பேர் மெச்சட்டும்’ என்று அதையும் செருகினான். ஒரு பக்கம் இருப்பதை மறுபக்கமும் அப்படியே ஆக்குகிற கட்டளை அது. இங்கே இருப்பது அங்கே வரும். இங்கே இல்லாதது அங்கேயும் இருக்காது.

எது இங்கே, எது அங்கே என்பதை மட்டும் மாற்றிக் கொடுத்துவிட்டான்.

வெறும் டிஸ்க்கைப் பார்த்து லேப்டாப் தன்னை வெறுமையாக்கிக்கொண்டது. இமைப்பதற்குள் வேலை முடிந்தது. நல்ல வேகமான லேப்டாப்.

கோப்புகள் இருந்த இடத்தைத் திறந்து பார்த்தான். காலி. மூடித் திறந்தான். காலி. கார்டு? கார்டில் லினக்ஸ் இருந்தது.

“...கதவைத் திறந்தாள். உள்ளே யாரும் இல்லை. ஆனால் விளக்கின் கண்ணாடி இன்னும் சூடாக இருந்தது...”

அக்கா வாசித்துக்கொண்டிருந்தாள்.

சின்னவனால் உட்கார முடியவில்லை. எழுந்தான். ஜன்னலுக்குப் போனான். கீழே யாரோ காரை முன்னும் பின்னும் எடுத்துப் பார்க்கிங்கில் நுழைக்கத் தவித்துக்கொண்டிருந்தார்கள். திரும்பிக் கதவுக்கு வந்தான். மறுபடி ஜன்னல். ஸ்டூடியோ மேடத்துக்கு என்ன சொல்வது? அதை விடு, அக்காவுக்கு என்ன சொல்வது? பால்கனிக்குப் போய்க் காய்ந்த துணிகளை எதற்கென்று தெரியாமல் எடுத்து மடித்தான். பாதி மடித்த சட்டையோடு நின்றவனுக்குச் சட்டென்று உறைத்தது.

அழித்த பிறகும் குரல் எப்படிக் கேட்கிறது?

லினக்ஸில் ஒரு வழக்கம் உண்டு. கோப்பை அழித்தால் முதலில் பெயரைத்தான் அடிக்கும். அதை எந்த நிரலாவது திறந்து வைத்திருந்தால் அது விடுகிறவரை உள்ளே இருப்பதைத் தொடாது. வாசலில் பெயர்ப்பலகையைக் கழற்றியாயிற்று. ஆனால் ஆள் இன்னும் நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறார் என்கிற மாதிரி. ஆள் எழுந்தால்தான் வீடு காலி. பாட்டு ஓட்டுகிற பிளேயர் அந்தக் கோப்பைக் கையில் பிடித்துக்கொண்டிருந்தது. அதன் கையிலிருந்தே ஒரு நகல் எடுத்துவிடலாம். அத்தியாயம் முடிவதற்குள்.

சட்டையை எறிந்துவிட்டு ஓடினான்.

திரை கறுப்பாக இருந்தது.

*

தட்டினான். தடவினான். ஊதினான். கறுப்புதான். இணையத்துப் புண்ணியவான் எழுதியது பொய். வியாதி குணமாகவில்லை.

பவர் பட்டனை அமுக்கினால் திரை வரும். பிளேயர் சாகும். கையிலிருப்பது போகும்.

பின்னால் டொக் டொக்கென்று சத்தம். அக்கா வெள்ளைப் பலகையில் பேனாவால் தட்டிக்கொண்டு நின்றாள். பலகையில் எழுதியிருந்தது: ‘என் குரலை நானே எத்தனை தடவை கேக்கிறது? அனுப்பிட்டியா?’

சின்னவனுக்குப் பொய் சொல்ல நேரமில்லை.

“அக்கா, அழிஞ்சு போச்சுக்கா. கார்டுலயும் இல்ல. ஆனா இன்னும் முழுசா போகல. இந்தக் குரல் ஓடிட்டு இருக்கிற வரைக்கும் உள்ள இருக்கு. முடிஞ்சா போயிரும். திரை வேற செத்துப் போச்சு.”

அக்கா அவனை ஒரு பார்வை பார்த்தாள். அந்தப் பார்வைக்குப் பலகை தேவைப்படவில்லை. பிறகு விறுவிறுவென்று உள்ளே போனாள். நாவலின் அச்சுப்பிரதியோடு திரும்பி வந்தாள். சத்தத்தைக் கேட்டபடியே பக்கங்களைத் தள்ளி, ஒரு வரியில் விரலை ஊன்றி, மிச்சம் எவ்வளவு என்று பிரித்துக் காட்டினாள்.

மெல்லிய தாள்கள். கொஞ்சம்தான்.

சின்னவன் போனை எடுத்து ராடாரைக் கூப்பிட்டான்.

ராடார் அவனோடு அதே கம்பெனியில் சர்வர்களைக் கட்டி மேய்க்கிறவன். பிறவியிலேயே பார்வை கிடையாது. அலுவலகத்தில் அவன் லேப்டாப்பின் திரை எப்போதும் அணைந்தே கிடக்கும். கேட்டால் பேட்டரி மிச்சம் என்பான். காதில் ஒரு இயர்போன். அதில் திரை வாசிப்பான் ஒன்று மின்னல் வேகத்தில் படித்துக்கொண்டே இருக்கும்.

“சொல்லுடா. மறுபடி ஸ்பீக்கரா?”

சின்னவன் மூச்சுவிடாமல் சொன்னான்.

மறுமுனையில் சிரிப்பு. “ஏன்டா, எனக்கு என்னிக்குமே ஸ்க்ரீன் இல்ல. உனக்கு இப்பத்தான் கொஞ்ச நேரமா இல்ல. அதுக்கே இந்த ஆட்டமா?”

“விளையாடாதடா. அக்கா பக்கத்துல நிக்குறாங்க.”

“வணக்கம்க்கா. பேசாதீங்க, எனக்குத் தெரியும்.” குரல் வேலைக்கு மாறியது. “டேய், கீபோர்டு வேலை செய்யுதா?”

“தெரியல.”

“பிளேயரை நிறுத்தி வை மொதல்ல. அந்த பாஸ் பட்டன்.”

“அது இந்த லேப்டாப்ல வேலை செய்யாது.”

“இத்தனை விலை குடுத்து வாங்கினே, என்னதான்டா வேலை செய்யுது அதுல? சரி. திரை வாசிப்பானைக் கிளப்பு. விண்டோஸ் கீ, ஆல்ட், எஸ். மூணையும் சேர்த்து அமுக்கு.”

சின்னவனின் விரல் நடுவழியில் நின்றது. லினக்ஸ் ஏற்றிய முதல் வாரம், வேண்டாத சாமான்களையெல்லாம் கழித்துக் கட்டினான். அந்தப் பட்டியலில் திரை வாசிப்பானும் இருந்தது. பக்கத்து நாற்காலியிலிருந்த ராடார், ‘உனக்கு அது மூட்டை, எனக்கு அது கண்ணு. இருந்துட்டுப் போகட்டும்’ என்றான். கடைசியில் அதை விட்டானா, கழித்தானா? நினைவு வரவில்லை.

அமுக்கினான்.

“...மாடிப்படியில் காலடி கேட்டது. அவள் மூச்சைப் பிடித்துக்கொண்டாள்...” இது அக்கா.

வேறு சத்தம் இல்லை. மறுபடி அமுக்கினான்.

தகர டப்பாவுக்குள்ளிருந்து பேசுவது போல ஒரு குரல் எழுந்தது. திரை வாசிப்பான் இயங்குகிறது என்றது. டெர்மினல் என்றது. அதாவது, கட்டளைகளைத் தட்டுகிற அந்தச் சாளரம்தான் எதிரே திறந்திருக்கிறது.

“கேட்டுச்சு” என்றான் ராடார். “இருக்குடா உனக்கு அதிர்ஷ்டம். இப்ப நான் சொல்றதைத் தட்டு. அவசரப்படாதே. நீ அவசரப்பட்டா அது என்னமோ பிரமாதமா தப்பாப் போகும், வரலாறு அப்படி.”

பிளேயர் தான் பிடித்திருக்கிற ஒவ்வொன்றுக்கும் ஓர் எண் வைத்திருக்கும். அவற்றை வரிசையாகச் சொல்லச் சொல்வது முதல் கட்டளை. ‘அழிக்கப்பட்டது’ என்று முடிகிற வரி எதுவோ, அதன் எண்ணைப் பிடித்து நகலெடுப்பது இரண்டாவது. அவ்வளவுதான் விஷயம். கண்ணிருந்தால்.

முதல் கட்டளையைத் தட்டினான். தகரக் குரல் கடகடவென்று படிக்க ஆரம்பித்தது. அதே நேரத்தில் அதே இரண்டு ஸ்பீக்கரில் அக்காவும் வாசித்துக்கொண்டிருந்தாள். கொலைகாரன் படியேறி வருகிறான்; தகரக் குரல் எண்களை அடுக்குகிறது. ஒன்றின் மேல் ஒன்று விழுந்து, சந்தைக்குள் மாட்டிக்கொண்ட மாதிரி.

“எந்த நம்பர்டா?” என்றான் ராடார். “போன்ல எனக்கு ரெண்டும் கூழாக் கேக்குது.”

“எனக்கும் புரியல. திரும்பப் படிக்க வைக்கட்டா?”

அக்கா அவன் தோளைத் தட்டினாள். இன்னொருத்தியின் குரலுக்கு அடியில் ஒரு பெருமூச்சு ஒளிந்திருந்தாலும் கண்டுபிடிக்கிற காது அது. பலகையில் பெரிதாக எழுதியிருந்தாள்: 9.

“ஒன்பதாம். அக்கா சொல்றாங்க.”

“அக்கா சொன்னா சரிதான். ஒன்பதை வெச்சு நகலெடு. புது டிஸ்க்குக்கு வேணாம், உன் வீட்டு ஃபோல்டர்லயே போடு.”

வாசலில் செருப்புச் சத்தம். மாமா கடையிலிருந்து அக்காவுக்கு மாத்திரை எடுத்துக்கொண்டு வந்திருந்தார். “என்னது, வீட்ல கூட்டம்? யாரு புதுசா ஒரு அம்மா பேசுறாங்க, சளி பிடிச்ச மாதிரி?”

அக்காவின் விரல் கடைசிப் பக்கத்தில், கடைசிக்கு முந்தின பத்தியில் நகர்ந்துகொண்டிருந்தது. மாமா விரலைப் பார்த்தார், கறுப்புத் திரையைப் பார்த்தார், மச்சானின் முகத்தைப் பார்த்தார். விஷயம் விளங்காவிட்டாலும் வில்லங்கம் விளங்கிற்று. சுவரோரம் ஒதுங்கி நின்றார்.

சின்னவன் தட்டினான். விரல் வழுக்கியது. எந்த எழுத்தென்று பார்க்க வழியில்லை. என்டர்.

தகரக் குரல் சொன்னது: அப்படி ஒரு கோப்போ ஃபோல்டரோ இல்லை.

“தப்பாத் தட்டியிருக்கே” என்றான் ராடார். “மறுபடி. எழுத்து எழுத்தா நான் சொல்றேன்.”

“...சாவியை ஆற்றில் எறிந்தாள். தண்ணீர் மூடிக்கொண்டது. அவள் திரும்பிப் பார்க்கவில்லை.”

அக்காவின் விரல் பக்கத்தின் அடியைத் தொட்டு நின்றது. அதற்கப்புறம் வெள்ளைத் தாள்.

அறையில் சத்தமில்லை.

சின்னவனின் கை கீபோர்டின் மேல் தொங்கியது. இவ்வளவுதானா? ஆள் நாற்காலியை விட்டு எழுந்தாயிற்றா? போனில் ராடார், “டேய், இருக்கியா?” என்றான். அக்கா அச்சுப்பிரதியை மூடி மேஜையில் வைத்தாள். ரொம்ப மெதுவாக வைத்தாள். அதுதான் அவனுக்குத் தாங்கவில்லை.

அப்போது ஸ்பீக்கரில் ஒரு நாற்காலி கிறீச்சிட்டது.

யாரோ தண்ணீர் குடிக்கிற சத்தம். தம்ளரை வைக்கிற சத்தம்.

“அப்பாடா. முடிஞ்சுது” என்றது அக்காவின் குரல்.

வாசிக்கிற குரல் இல்லை அது. வீட்டுக் குரல். ரிக்கார்டரை நிறுத்தாமல் விட்டிருக்கிறாள். ஆள் இன்னும் எழுந்திருக்கவில்லை.

“தட்டுடா” என்று அலறினான் ராடார். அவனும் கேட்டுவிட்டான். எழுத்து எழுத்தாகச் சொன்னான். சின்னவன் ஒவ்வோர் எழுத்தாகத் தட்டினான்.

“டேய் சின்னவனே, நீதானே இதைக் கேப்பே. மூச்சுச் சத்தத்தை எல்லாம் மொத்தமா வெட்டிடாதே. வாசிச்சது மனுஷிதான்னு தெரியட்டும்.” ஒரு இருமல். “அப்புறம், இதை ரெண்டு இடத்துல வை. உன் லினக்ஸ் பெங்குவினை நம்பி என் தொண்டையை ஒப்படைக்க முடியாது.”

“சாய்கோடு. ஒன்பது. இடைவெளி. இப்ப புதுப் பேரு, சின்னதா ஏதாவது” என்றான் ராடார்.

‘அக்கா’ என்று ஆங்கில எழுத்தில் தட்டினான். என்டர்.

தகரக் குரல் ஒன்றும் சொல்லவில்லை.

ஸ்பீக்கரில் துணிகள் உரசின. குரல் தணிந்து வந்தது. “அவர்கிட்ட, ஆபரேஷன் பல்லு பிடுங்குற மாதிரிதான்னு சொல்லி வெச்சிருக்கேன். நாளைக்கு நடக்கப்போறதை நினைச்சா பயமாத்தான்டா இருக்கு. சொல்லிடாதே.”

கிளிக். பிளேயர் நின்றது.

மாமா சுவரோரம் அப்படியே நின்றார். கையிலிருந்த மாத்திரைக் கவர் மட்டும் நசுங்கியது. அக்கா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

“அது ஒண்ணும் சொல்லலடா” என்றான் சின்னவன், போனிடம்.

“சொல்லலைன்னா நல்ல சேதிதான். தப்புன்னாதான் அது வாயத் திறக்கும். என் பொண்டாட்டி மாதிரி இல்ல. பவரை அமுக்கு, எழுப்பிப் பாரு.”

பட்டனில் விரலை வைத்தான். அமுக்க வரவில்லை. இந்த லேப்டாப்பை எத்தனையோ தடவை இப்படிச் சாகடித்திருக்கிறான், இமைக்காமல். இப்போது விரல் கேட்கவில்லை. எழுந்தான். ஜன்னலுக்குப் போனான். திரும்பி வந்தான். உட்கார்ந்தான். எழுந்தான்.

அக்கா வந்து அவனை ஒதுக்கிவிட்டு, பட்டனில் கட்டைவிரலை வைத்து, கதவு மணியை அடிப்பது போல அமுக்கிப் பிடித்தாள்.

லேப்டாப் செத்தது. மறுபடி அமுக்கினாள். திரையில் வெளிச்சம் வந்தது.

கோப்பு இருந்தது. முழு நீளத்துக்கு இருந்தது. திறந்து, கடைசிப் பகுதியை ஓடவிட்டான். ஆறு, சாவி, தண்ணீர். நாற்காலி கிறீச். அதற்கு மேல் ஓடவிடாமல் நிறுத்தினான்.

“நான் வெச்சிடறேன்” என்றான் ராடார். “அக்கா, அவன் திரும்ப ஏதாவது திருகினா எனக்கு ஒரு வார்த்தை எழுதி அனுப்புங்க. என்னோட அம்மா அதை எனக்குப் படிச்சுக் காட்டும்.” அவன் அம்மா என்றது திரை வாசிப்பானை.

*

சாயங்காலத்துக்குள், ‘திரும்பிப் பார்க்கவில்லை’ வரை வெட்டி, மூச்சுச் சத்தங்களைப் பாதிக்குப் பாதி விட்டுவைத்து, ஸ்டூடியோவுக்கு அனுப்பினான். கிடைத்தது என்று மேடத்திடமிருந்து ஒரு வரி வந்தது. கடைசியில் கரகரப்பு நன்றாக அமைந்திருப்பதாக இன்னொரு வரி.

மாமா மாத்திரையையும் தண்ணீரையும் அக்கா எதிரே வைத்துவிட்டுக் கடைக்குத் திரும்பிப் போகாமல் பக்கத்திலேயே உட்கார்ந்தார். “பல்லு பிடுங்குற மாதிரின்னே” என்றார். அக்கா பலகையை எடுத்தாள். அவர் தோளில் பலகையாலேயே லேசாக ஒன்று வைத்தாள்.

வெட்டி எடுத்த மிச்சத்தைச் சின்னவன் தனிக் கோப்பாக்கினான். முதல் இடம், இந்த லேப்டாப். இரண்டாவது இடம்? அறையைச் சுற்றிப் பார்த்தான். புது டிஸ்க்கைப் பார்த்தான். மனசு வரவில்லை.

“மாமா, உங்க லேப்டாப்பைக் கொஞ்சம் தர்றீங்களா?”

மாமா நிமிர்ந்தார். “பிளாஸ்திரி லேப்டாப்பா? அதுலயா?”

“அதுலதான்.”

“உன் லினக்ஸ் எதையும் அதுல ஏத்த மாட்டியே?”

“சத்தியமா மாட்டேன்.”

மாமாவின் லேப்டாப் எழுந்திருக்க யுகமாயிற்று. மின்விசிறி பழைய ஸ்கூட்டர் மாதிரி உறுமிற்று. சின்னவன் மூக்கைச் சுளிக்காமல் காத்திருந்து, கோப்பை ஏற்றி, திறந்து, ஓடுகிறதா என்று காதில் வைத்துக் கேட்டுவிட்டு, கீல் வலிக்காதபடி மெல்ல மூடினான்.

தன் லேப்டாப்பிடம் திரும்பியபோது திரையின் மூலையில் சின்னதாக ஓர் அறிவிப்பு எட்டிப்பார்த்தது. புது அப்டேட் தயார். ஸ்பீக்கர் கோளாறு சரிசெய்யப்பட்டிருக்கிறதாம்.

விரல் தானாகப் போயிற்று.

பின்னால் அக்கா மார்க்கர் பேனாவின் மூடியைக் கழற்றுகிற சத்தம் மட்டும் கேட்டது.

விரல் திரும்பி வந்துவிட்டது.